ஹெக்ஸேன் + புரோமின்: இருட்டில் வைத்த குழாயும் வெளுத்துவிடுகிறது, ஏன்?

சிவப்பு லிட்மஸ் (கேள்வி)

11-ஆம் வகுப்பு ஆல்கேன் (கார்பன்கள் ஒற்றைப் பிணைப்பால் மட்டும் இணைந்த ஹைட்ரோகார்பன், ஹெக்ஸேன் போல) பாடத்துக்கான செய்முறை இது. இரண்டு சோதனைக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஹெக்ஸேன் 2 மி.லி., புரோமின் நீர் 2 மி.லி. ரப்பர் அடைப்பான் போட்டுக் குலுக்கி, ஒன்றைக் கறுப்புத் தாள் சுற்றி அலமாரிக்குள்ளும் மற்றதை ஜன்னலோர வெயிலிலும் வைக்கிறோம். வெயிலில் இருப்பது வெளுக்க வேண்டும், இருட்டில் இருப்பது அப்படியே இருக்க வேண்டும் என்பது பாடம்.

நடப்பது வேறு. குலுக்கிய கணமே இரண்டு குழாயிலும் அடியிலிருக்கும் நீர் வெளுத்துவிடுகிறது. அரை மணி கழித்து எடுத்தால் இருட்டுக் குழாயின் மேலடுக்கும் பாதி நிறம் போய்க் கிடக்கிறது. நீல லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினால் இரண்டிலும் சிவக்கிறது. "ஒளி இல்லாமலும் வினை நடக்குதே" என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

அவர்கள் கேட்கும் வேறு இரண்டு கேள்விகள்:

ஒன்று, ஆல்கேன் ஆக்சிஜனில் சுத்தமாக எரிகிறது. மெழுகும் ஆல்கேன்தான், எரியும் மெழுகுவர்த்தியைக் குளோரின் ஜாடிக்குள் இறக்கினால் மட்டும் ஏன் கரியாகக் கக்குகிறது?

இரண்டு, குளோரின் மீத்தேனோடு நான்கு விளைபொருள் கலவையைத் தருகிறது. புரோமின் ஆல்கேனில் இடம் பார்த்து உட்காருகிறது. அயோடின் ஒன்றுமே செய்வதில்லை. "ஹாலஜன் தொகுதியில் (ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்) வினைத்திறன் கீழே போகப் போகக் குறையும்" என்ற ஒற்றை வரியைத் தாண்டி ஏதாவது சொல்ல முடியுமா?

பியூரெட் முனை

முதலில் செய்முறை. உங்கள் குழாயில் ஒன்றுக்கு மேல் தவறு இருக்கிறது. தனித்தனியாகப் பிரித்தால்தான் பிடிபடும்.

குலுக்கியதும் நீர் வெளுப்பது வினையே அல்ல. புரோமின் நீரை விட ஹெக்ஸேனில் பல மடங்கு நன்றாகக் கரையும். ஹெக்ஸேனின் அடர்த்தி 0.66, அதனால் அது மேலே மிதக்கும். குலுக்கியதும் புரோமின் நீரை விட்டு மேலே ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள்: கீழே வெளுத்த அதே நேரத்தில் மேலடுக்கு ஆரஞ்சாக மாறியிருக்கும். பல பதிவேடுகளில் "புரோமின் நீர் நிறமிழந்தது, வினை நடந்தது" என்று எழுதியிருப்பது இந்த இடமாற்றத்தைத்தான்.

லிட்மஸும் ஏமாற்றும். புரோமின் நீரே அமிலத்தன்மை உள்ளது, ஏனென்றால் அதில் கொஞ்சம் ஹைட்ரஜன் புரோமைடும் ஹைப்போபுரோமஸ் அமிலமும் எப்போதும் இருக்கும். போதாததற்கு புரோமின் ஆவி பட்டாலே லிட்மஸ் சிவந்து, பிறகு வெளுக்கும். ஆகவே நிறம் முழுக்கப் போகும் முன் லிட்மஸ் காட்டுவதில் பொருளில்லை.

இருட்டுக் குழாய் மெல்ல வெளுப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ரப்பர் அடைப்பானை. இயற்கை ரப்பர் முழுக்க இரட்டைப் பிணைப்பு, புரோமினை அது விழுங்கிவிடும். அடைப்பானின் அடிப்பக்கம் கெட்டிப்பட்டு நிறம் மாறியிருந்தால் ஆள் அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அடைப்பான் போடுங்கள்.

அடுத்தது குழாயைக் கழுவிய அசிட்டோன். சில துளி தங்கியிருந்தாலும், அமிலம் கூட இருப்பதால் புரோமின் இருட்டிலேயே அசிட்டோனோடு வினைபுரியும். அதில் உண்டாகும் புரோமோஅசிட்டோன் கண்ணீர்ப் புகை வகையறா. குழாயைத் திறக்கும்போது கண் எரிந்தால் இதை நினையுங்கள்.

மூன்றாவது ஹெக்ஸேன். மலிவான பெட்ரோலிய ஈதர் வாங்கினால் அதில் ஆல்கீன் (கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ளது) கலந்திருக்கலாம், புரோமினோடு வினைபுரிய ஆல்கீனுக்கு ஒளி தேவையில்லை. 2 மி.லி. ஹெக்ஸேனை மிக நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு குலுக்கிப் பாருங்கள். ஊதா பழுப்பானால் சரக்கு சரியில்லை. அதைக் கொட்ட வேண்டாம். இருட்டில் புரோமின் நீரோடு, மேலடுக்கில் ஆரஞ்சு நிலைக்கும்வரை குலுக்கினால் ஆல்கீன் தீர்ந்துவிடும். அதன்பின் பயன்படுத்துங்கள்.

இனி சரியாகச் செய்வது. திரவ புரோமின் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். பொட்டாசியம் புரோமேட் 0.28 கிராம், பொட்டாசியம் புரோமைடு 1.0 கிராம் இரண்டையும் 90 மி.லி. நீரில் கரைத்து, 2 மோலார் சல்பூரிக் அமிலம் 10 மி.லி. ஊற்றுங்கள். சுமார் 0.8 கிராம் புரோமின் அந்தக் கரைசலிலேயே உண்டாகும். இதில் 10 மி.லி. எடுத்து 10 மி.லி. ஹெக்ஸேனோடு பிரிபுனலில் குலுக்கி, அவ்வப்போது குழாயைத் திறந்து ஆவியை வெளியேற்றி, கீழ் நீரை வடித்துவிடுங்கள். ஆரஞ்சு ஹெக்ஸேனில் ஒரு சிட்டிகை நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு உலர்த்துங்கள். இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். நீர் மிச்சமிருந்தால் உண்டாகும் ஹைட்ரஜன் புரோமைடு அதிலேயே கரைந்துவிடும், வாயில் புகை தெரியாது.

உலர்ந்த கரைசலை உலர்ந்த இரண்டு குழாய்களில் பாதி பாதியாக ஊற்றுங்கள். ஒன்றுக்கு அலுமினியத் தாள் இரண்டு சுற்று. அலமாரியில் வைக்காமல் இரண்டையும் ஒரே நீர்க் கோப்பையில் நிறுத்தி வெயிலில் வையுங்கள். இல்லாவிட்டால் "வெயிலின் சூட்டால் நடந்தது" என்று ஒரு மாணவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. சில நிமிடங்களில் தாள் சுற்றாத குழாய் வெளுக்கும். அடர் அம்மோனியாவில் தோய்த்த கண்ணாடிக் கம்பியை அதன் வாயருகே கொண்டுபோனால் திரள் திரளாக வெண்புகை, அதாவது அம்மோனியம் புரோமைடு. தாள் சுற்றிய குழாயைப் பிரித்தால் ஆரஞ்சு அப்படியே இருக்கும். அந்தப் பிரித்த குழாயையும் வெயிலில் காட்டுங்கள், வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் வெளுக்கும். எனக்குக் கேட்டால் செய்முறையின் உயிரே அந்தக் கடைசி நிமிடம்தான்.

புகைப்பெட்டியிலோ நன்கு காற்றோடும் இடத்திலோ, கையுறை, கண்ணாடியோடு. சிந்தினால் ஊற்ற 10 சதவீத சோடியம் தயோசல்பேட் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அணிச்சம்

ஒளி இங்கே வினையூக்கி, அதனால் கொஞ்சம் இருந்தாலும் போதும். இதைச் சொன்னால் மாணவருக்குப் புரிந்துவிடும்.

தனி உறுப்பு

@அணிச்சம், "கொஞ்சம் போதும்" சரி, "வினையூக்கி" தவறு. வினையூக்கி செலவாகாமல் மீண்டு வரும். ஒளி செலவாகிறது: ஒரு ஒளித்துகள் ஒரு ஹாலஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாக உடைத்துவிட்டுக் காணாமல் போகிறது. கொஞ்சம் போதுமானதற்குக் காரணம் சங்கிலி. உடைந்த ஓர் அணு ஒரு சுற்று முடித்ததும் இன்னோர் அணு பிறக்கிறது. மீத்தேன் குளோரினேற்றத்தில் உறிஞ்சிய ஒரு ஒளித்துகளுக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் விளையும். எல்லா ஒளியும் உதவாது என்பதையும் சொல்லுங்கள். குளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 243 கிலோஜூல் வேண்டும், அது 492 நானோமீட்டர் அலைநீளத்துக்குச் சமம். அதற்கு மேல் போனால், உதாரணமாகச் சிவப்பு விளக்கில், ஒன்றும் நடக்காது. ஒளியே இல்லாமல் 400 டிகிரிக்குச் சூடாக்கினாலும் பிணைப்பு உடையும். தொழிற்சாலைகளில் மீத்தேனைக் குளோரினேற்றுவது பெரும்பாலும் அந்தச் சூட்டு வழியில்தான்.

இப்போது இரண்டாவது கேள்வி. வினைத்திறன் என்ற சொல்லை மூடி வைத்துவிட்டுக் கடைக் கணக்கு போடுங்கள்.

சங்கிலியில் திரும்பத் திரும்ப நடப்பவை இரண்டே படிகள். முதல் படியில் ஹாலஜன் அணு மீத்தேனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. இரண்டாவதில், மிஞ்சிய மெத்தில் தனி உறுப்பு (இணையில்லாத ஓர் எலக்ட்ரானோடு நிற்கும் துண்டு) ஒரு ஹாலஜன் மூலக்கூறிலிருந்து ஓர் அணுவை எடுத்துக்கொண்டு மற்றதை வெளியே விடுகிறது. அது போய் அடுத்த மீத்தேனைப் பிடுங்கும்.

பிடுங்குவதற்குச் செலவு 439 கிலோஜூல். ஹைட்ரஜனும் ஹாலஜனும் சேர்வதால் கிடைக்கும் வரவு: ஃபுளூரினுக்கு 569, குளோரினுக்கு 431, புரோமினுக்கு 366, அயோடினுக்கு 298. கழித்தால் ஃபுளூரினுக்கு 130 லாபம். குளோரினுக்கு 8 கைநட்டம், அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். புரோமினுக்கு 73 நட்டம். அயோடினுக்கு 141.

இரண்டாவது படியில் எல்லோருக்குமே லாபம்தான்: அதே வரிசையில் 301, 107, 101, 88. ஆக, கதை முழுக்க முதல் படியில்தான் இருக்கிறது. மொத்தத்தில் ஃபுளூரின் 431 கிலோஜூலைக் கக்கும். அதனால் குளிரிலும் இருட்டிலும்கூட வெடிக்கும், நைட்ரஜன் கலந்து நீர்க்கச் செய்துதான் நெருங்க முடியும். குளோரின் 99, புரோமின் 28. அயோடின் 53 நட்டத்தில் முடிகிறது, அதனால் வினை பின்னோக்கியே சாயும். உண்டாகும் ஹைட்ரஜன் அயோடைடை அயோடிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றியால் உடனுக்குடன் அழித்தால்தான் முன்னே நகரும் என்று பாடநூல் சொல்வதன் பொருள் இதுதான்.

மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று: "அயோடின் பிணைப்பை உடைக்க முடியாது, அதனால் வினை இல்லை." தலைகீழ். அயோடின் பிணைப்பு 151 கிலோஜூல்தான், குளோரினை விட எளிதில் உடையும். உடைந்த அணுவுக்கு ஹைட்ரஜனைப் பிடுங்கத் தெம்பில்லை.

இடம் பார்த்து உட்காருவதும் இதே கணக்கில் வரும். ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய (அந்தக் கார்பனோடு முறையே ஒன்று, இரண்டு, மூன்று கார்பன்கள் இணைந்த) கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏறத்தாழ 420, 410, 400 கிலோஜூல். வித்தியாசம் பத்துப் பத்துதான். கையில் காசு புரள்கிறவர் பேரம் பேச மாட்டார், குளோரின் அந்த ரகம். புரோமினுக்கு ஒவ்வொரு கிலோஜூலும் கணக்கு, அதனால் மலிவான பிணைப்பைத் தேடிப் போகும். ஒரு ஹைட்ரஜனுக்கான ஒப்பு வேகம் அறை வெப்பநிலையில் குளோரினுக்கு 1 : 3.8 : 5. புரோமினுக்கு, 127 டிகிரியில், 1 : 82 : 1600.

புரப்பேனில் ஓரிணைய ஹைட்ரஜன் 6, ஈரிணைய ஹைட்ரஜன் 2. குளோரினுக்கு 6 × 1 = 6, 2 × 3.8 = 7.6. ஆகவே 1-குளோரோபுரப்பேன் 44 சதவீதம், 2-குளோரோபுரப்பேன் 56. புரோமினுக்கு 6 எதிர் 164, அதாவது 2-புரோமோபுரப்பேன் 96 சதவீதத்துக்கும் மேல். ஆய்வகத்தில் கிடைப்பதும் இதையொட்டித்தான்.

நான்கு விளைபொருள் விஷயம் வேறு. குளோரோமீத்தேன் உண்டான பிறகும் அதில் மூன்று ஹைட்ரஜன் மிச்சம், குளோரின் அணு அதையும் விடாது. ஒரு ஹைட்ரஜனை மட்டும் மாற்றும் ஒற்றைப் பதிலீடு வேண்டுமென்றால் மீத்தேனைக் குளோரினைப் போல் பத்து மடங்காவது வையுங்கள், அப்போது குளோரின் அணு முட்டுவதெல்லாம் மீத்தேனாகவே இருக்கும். கலவையாக வந்தாலும் கவலையில்லை. கொதிநிலைகள் −24, 40, 61, 77 டிகிரி, பின்ன வடித்தலில் பிரிந்துவிடும். கொஞ்சம் ஈத்தேன் கலந்து வந்தால் பதறாதீர்கள். இரண்டு மெத்தில் உறுப்புகள் ஒன்றோடொன்று மோதிச் சங்கிலி அறுந்ததன் தடயம் அது. தனி உறுப்பு வழிமுறைக்கு நல்ல சாட்சியும்கூட.

நீலச்சுடர்

மெழுகுவர்த்திக் கேள்வியை யாரும் தொடவில்லையே. உண்மையில் மூன்றிலும் சுவையான கேள்வி அதுதான்.

ஆக்சிஜனுக்குக் கார்பனும் வேண்டும், ஹைட்ரஜனும் வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் ஒவ்வொரு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பும் 800 கிலோஜூல் அளவு. குளோரின் ஹைட்ரஜனோடு சேர்ந்தால் 431, கார்பனோடு சேர்ந்தால் அதைவிட நூறு கிலோஜூல்போலக் குறைவு. மெழுகின் சுடர்ச் சூட்டில் குளோரின் ஹைட்ரஜனை மட்டும் கவ்விக்கொண்டு கார்பனை அம்போவென்று விட்டுவிடுகிறது. அதுதான் மங்கிய சிவப்புச் சுடரும் கரும்புகையும். மீத்தேன்–குளோரின் கலவையை நேர் வெயிலில் காட்டினால் வெடித்து, கரியும் ஹைட்ரஜன் குளோரைடும் மிஞ்சுவதும் இதே காரணத்தால். அந்தக் கலவையில் பதிலீட்டு வினைக்கு மங்கல் வெளிச்சம் போதும், நேர் வெயில் ஆபத்து.

ஆக்சிஜனிலும் கரி வரும், ஆக்சிஜன் பற்றாதபோது. கார்பன் எண்ணிக்கையை 'க' என்று வைத்தால் ஒரு ஆல்கேன் மூலக்கூறு முழுக்க எரியத் தேவையான ஆக்சிஜன் மூலக்கூறுகள் (3க + 1) ÷ 2. மீத்தேனுக்கு 2, புரப்பேனுக்கு 5, பியூட்டேனுக்கு 6½. சமன்பாட்டில் அரை பிடிக்காதவர்கள் எல்லாவற்றையும் இரட்டித்து, 2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 தண்ணீர் என்று எழுதலாம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான் என்பதால் ஒரு லிட்டர் மீத்தேனுக்கு ஒன்பதரை லிட்டர் காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 லிட்டர்.

சமையல் எரிவாயு புரப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 14.2 கிலோ சிலிண்டர் முழுக்க பியூட்டேன் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 51 கிலோ ஆக்சிஜனைத் தின்று, 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ தண்ணீரும் வரும். எரிந்தால் எடை "குறையும்" என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கு போதும். குளிர்ந்த குக்கரை அடுப்பில் வைத்த முதல் நிமிடம் அடியில் வியர்ப்பது இந்தத் தண்ணீர்தான்.

சுடர் மஞ்சளானால் எரியாத கார்பன் துகள்கள் சூட்டில் ஒளிர்கின்றன என்று பொருள். காரணத்தைத் தேட ஒழுங்கு உண்டு. பால் அல்லது கஞ்சி பொங்கி பர்னர் துளைகள் அடைத்திருக்கும். கலவைக் குழாயில் சிலந்தி வலையோ பூச்சியோ இருக்கும். காற்றுத் திறப்பு மூடியிருக்கும். இவை எதுவும் இல்லையென்றால் ஜெட், அதாவது எரிவாயு பீறிட்டு வரும் சிறு துளையுள்ள முனை. ஜெட் துளையைத் தையல் ஊசியால் குத்தி யாரோ பெரிதாக்கியிருப்பார்கள், எரிவாயு அதிகம் வரும், அதற்கேற்ற காற்று வராது. அந்த ஜெட்டைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். சிலிண்டர் தீரும் தறுவாயில் மஞ்சளாவது வேறு: புரப்பேன் முந்தி ஆவியாகிவிட, கடைசியில் கனமான பகுதி மிஞ்சுகிறது, அதற்குக் காற்று அதிகம் தேவை. நீலச் சுடரில் அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறந்தால் கவலை வேண்டாம், அது உப்பின் சோடியம்.

கரி கண்ணுக்குத் தெரியும். தெரியாதது கார்பன் மோனாக்சைடு. கதவடைத்த குளியலறையில் எரிவாயு கீசர் ஏன் கொல்கிறது என்பதற்கும் இதே கணக்கு. 2 × 1.5 × 2.5 மீட்டர் அறையில் 7,500 லிட்டர் காற்று, அதில் ஆக்சிஜன் 1,575 லிட்டர். 100 கிராம் பியூட்டேன் எரிய 275 லிட்டர் போய்விடும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் இதை ஆறேழு நிமிடத்தில் எரித்துவிடும். வெளிக்காற்று வராவிட்டால் ஆக்சிஜன் 21-லிருந்து 17 சதவீதத்துக்கு இறங்கும். அந்த நிலையில் பர்னர் கார்பன் மோனாக்சைடை உமிழத் தொடங்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட அதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. எரிவாயுவில் சேர்க்கும் மெர்காப்டன் நாற்றம் எரியாத வாயுவுக்குத்தான் எச்சரிக்கை, எரிந்த புகைக்கு அல்ல.

சிவப்பு லிட்மஸ்

ரப்பர் அடைப்பானின் அடி உண்மையிலேயே கெட்டிப்பட்டு வெளிறிப் போயிருக்கிறது. கண்ணாடிக்கு மாற்றி, உலர்த்தியும் செய்து பார்க்கிறேன்.

ஒரு சரிபார்ப்பு: 2-மெத்தில்புரப்பேனில் ஓரிணைய ஹைட்ரஜன் 9, மூவிணையம் 1. குளோரினுக்கு 9 : 5, ஆக மூவிணைய குளோரைடு 36 சதவீதம்தான். புரோமினுக்கு 9 : 1600, 99 சதவீதத்துக்கு மேல் மூவிணையம். சரிதானே? அப்படியானால் ஹெக்ஸேனிலும் புரோமின் நுனியில் உட்காராதா?

தனி உறுப்பு

கணக்கு சரி. ஹெக்ஸேனில் நுனி ஹைட்ரஜன் 6, உள்ளே 8. 6 எதிர் 8 × 82 = 656. நுனிக்கு ஒரு சதவீதம்கூடத் தேறாது, 2-புரோமோஹெக்ஸேனும் 3-புரோமோஹெக்ஸேனும்தான் கிடைக்கும். பதிவேட்டில் "1-புரோமோஹெக்ஸேன்" என்று எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.

பியூரெட் முனை

முடித்த பிறகு குழாயில் இருப்பதை அப்படியே தொட்டியில் ஊற்ற வேண்டாம். நிறம் மிச்சமிருந்தால் தயோசல்பேட் கரைசல் சேர்த்து, மேலடுக்கின் ஆரஞ்சு மறையும்வரை குலுக்குங்கள். ஹைட்ரஜன் புரோமைடை சோடியம் பைகார்பனேட் கரைசலால் நடுநிலையாக்குங்கள், நுரைக்கும், சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கீழ் நீர் தொட்டிக்குப் போகலாம். மேலே மிதக்கும் ஹெக்ஸேனில் புரோமோஹெக்ஸேன் கலந்திருப்பதால் அது ஹாலஜன் கரிமக் கழிவு என்று எழுதிய மூடியுள்ள பாட்டிலுக்கு. அந்த பாட்டிலுக்கும் ரப்பர் மூடி வேண்டாம்.